உன் பல்லிக்கு நான் அரித்த தவிடு

மகனே, இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. போட்டால் நீ உறையைப் பிரித்து, எழுத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பார்ப்போம் என்று மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவாய். ஐந்து வயதில் ஊரை விட்டு வந்தவன் நீ, தமிழில் உன் பெயரை எழுதுவதற்கே நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பவன். அதனால் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். தமிழ்க் கடை வாசலில் சும்மா எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அடுக்கி வைத்திருப்பார்களே, மீன் சுற்றுவதற்கு நீயும் இரண்டு எடுத்துக்கொண்டு வருவாயே, அந்தப் பத்திரிகைதான். உன் பெயரையும் என் பெயரையும் போடவேண்டாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். "அக்கா, குடும்ப விசயம், ஒருக்கால் யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார். யோசித்துவிட்டுத்தான் பஸ் ஏறி வந்தேன் என்றேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குள் அறைக்குள் பல்லி வைத்து வளர்த்த பெடியன்கள் எத்தனை பேர் இருப்பார்கள். உன் மாமியாருக்கு இந்த இடத்திலேயே விளங்கியிருக்கும்.

உன் கலியாணம் நன்றாக நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள், பெட்டையின் கூறைச்சேலையைப் புகழ்ந்தார்கள், தகப்பன் இல்லாத பிள்ளையைத் தனி ஆளாக வளர்த்தாள் என்று என்னையும் புகழ்ந்தார்கள். அதன்பிறகு நீ பிக்கரிங்கில் வாங்கிய புது வீட்டுக்கு உன் உடுப்பு, கொம்பியூட்டர், ஹொக்கி மட்டை, நான் கட்டித் தந்த மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாய். பல்லியையும் கண்ணாடிப் பெட்டியோடு முன்சீட்டில் வைத்துப் பட்டி போட்டுக் கொண்டுபோனாய். அடுத்த நாள் மத்தியானம் அதே பெட்டியோடு திரும்பி வந்து நின்றாய். "அம்மா, கொஞ்ச நாளைக்கு இது இஞ்ச நிக்கட்டும். அவவுக்கு இதுக்குப் போடுற புழுவைக் கண்டாலே ஓங்காளிக்குதாம், சாப்பிடேலாமக் கிடக்கு" என்றாய். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஐஸ்கிறீம் வாளியில் தவிடும் புழுவுமாக என் கையில் தந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய்.

உன் பெண்சாதிக்கு ஓங்காளம் வந்தது ஒரு நாள். அந்த ஒரு நாளிலேயே பல்லி வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. எனக்கு எட்டு வருடமாக மூச்சு இழுத்தது. அந்த எட்டு வருடமும் பல்லி எங்கே இருந்தது, புழு எங்கே இருந்தது என்று நீயே உன் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார். மருமகளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வாயைத் திறந்து, இது எனக்கு ஒத்துக்கொள்ளாது, வெளியில் கொண்டுபோ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை. அவளிடம் படிக்கவேண்டியது எனக்கு நிறைய இருக்கிறது. வயது போனபிறகாவது படிக்கிறேன்.

அந்தப் பல்லியை நீ கொண்டுவந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். பதினாறு வயது உனக்கு. சனிக்கிழமைகளில் கடையொன்றில் சாமான் அடுக்கி உழைத்த காசில் வாங்கிவந்தாய். மஞ்சளும் கறுப்புப் புள்ளியுமாக, கொழுத்த வாலோடு, கண் சிமிட்டுகிற பல்லி. ஊரில் சுவரில் ஓடியதைத் தும்புத்தடியால் தட்டிவிட்டவள் நான். ஆனாலும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வயதில் மற்றப் பெடியள் பிளாசாக்களில் கூட்டம் கூடிச் சண்டைக்கு நின்றார்கள். என் பிள்ளை வீட்டில் இருந்து பல்லி பார்க்கிறான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புழு என்ன சாப்பிடும், எப்படி வண்டாகும், வண்டு எப்படித் தவிட்டுக்குள் முட்டையிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். புழுவுக்குக் கரட் கிழங்கை மெல்லிசாகச் சீவிப் போடுவாய். நீ சாப்பிட்ட கோப்பை தொட்டிக்குள் காய்ந்துபோய்க் கிடக்கும்.

புழு வாளிக்குச் சூடு வேண்டும் என்று அடுப்படியில் பிறிட்ஜின் தலையில் வைத்தாய். கொஞ்ச நாளில் தவிட்டுக்கு அடியில் மணல் மாதிரி ஒன்று சேர்ந்தது. அது புழுவின் எச்சம். அதோடு அவை உரித்த தோல், வெங்காயத் தோலை நொறுக்கிப் போட்டது போல. அதை அரித்து எடுக்காவிட்டால் புழு செத்துப்போகும் என்றாய். உனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை வந்தது. "அம்மா, இந்தக் கிழமை மட்டும் அரிச்சு விடுறீங்களோ" என்றாய். மா அரிப்பதில் எனக்கு ஆர் வந்து புத்தி சொல்லவேண்டும். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அரித்தே தேய்ந்த கை. பழைய அரிதட்டு ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, வெயில் காலத்தில் பல்கனியில், குளிர் காலத்தில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நன்றாகத் தட்டித் தட்டி அரித்தேன். தூள் எழும்பி என் முகத்தில் படியும். அந்தக் கிழமை மட்டும் என்ற வேலை, நீ பல்கலைக்கழகம் முடித்து, வேலை எடுத்து, தாலி கட்டும் வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னுடைய வேலையாக இருந்தது. நீ ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை, நானும் விடவில்லை.

முதலில் கண் கடித்தது. பிறகு கையில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. பிறகு இருமல், அதன்பிறகு இழுப்பு. எங்கள் ஆட்களுக்கு வருத்தம் வந்தால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. தையல் ஃபாக்டரியில் என்னோடு நின்றவள், உது இந்தக் குளிர் அக்கா என்றாள். பக்கத்து வீட்டுக்காரி கார்ப்பெட்டை இழுத்து எறி என்றாள். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நீங்கள் வீட்டுக்க மிளகாய் வறுக்கிறதை நிப்பாட்டுங்கோ அம்மா, எனக்கே மூச்சு முட்டுது" என்றாய். நான் மிளகாய் வறுப்பதை நிறுத்தினேன். கடைத்தூளில் கறி வைத்தேன். அதுவும் ருசியில்லை என்று நீதான் சொன்னாய். கார்ப்பெட்டைத் தினமும் கூட்டினேன். சனிக்கிழமை வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தவிட்டை அரித்தேன். ஞாயிறு முழுவதும் கதிரையில் இருந்தபடி மூச்சை இழுத்தேன்.

உனக்குப் பதினெட்டு வயது நடக்கும்போது குடும்ப வைத்தியர் என்னை ஒவ்வாமை பார்க்கிற டொக்டரிடம் அனுப்பினார். என் இங்கிலிஷ் பஸ்காரனுக்கும் கடைக்காரனுக்கும் போதும், டொக்டருக்குப் போதாது. எல்லாத் தாய்மாரையும் போல நானும் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நீ வந்தாய். என் கையில் வரிசையாகக் குத்தினார்கள். இறாலுக்குக் குத்திய இடம் எலுமிச்சங்காய் அளவுக்கு எழும்பியது. டொக்டர் உன்னைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார். கேள்வி கேட்டார், நீ பதில் சொன்னாய். திரும்பக் கேட்டார், நீ குனிந்துகொண்டு பதில் சொன்னாய். பிறகு அவர் நீளமாகச் சொன்னார், கையை விரித்து, வாசலைக் காட்டி, மூச்சை இழுத்துக் காட்டிச் சொன்னார். நீ தலையாட்டினாய். நான் உன் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"டொக்டர் என்னவாம் தம்பி?"

"இறால், நண்டு சாப்பிடக்கூடாதாம். மூச்சுக்கு அடிக்க ஒரு பம்ப் தருவாராம்."

"இவ்வளவு நேரம் கதைச்சவர். இவ்வளவுதானோ?"

"ஓம் அம்மா. இங்கிலிசில எல்லாத்தையும் நீட்டி முழக்கித்தான் சொல்லுவினம்."

எனக்கு ஒரு சமுசயம் இருந்தது. வெளியில் வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, உந்தப் புழுத் தூசியாலயும் இருக்குமோ என்று கேட்டேன். "அதையும் கேட்டனான் அம்மா. அது ஒண்டும் செய்யாதாம்" என்றாய். பஸ் வந்தது. எனக்கு இருக்க ஒரு சீட் பிடித்துத் தந்தாய். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று பக்கத்தில் இருந்த சீன மனுசி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று தொடக்கம் இறால் இல்லை, நண்டு இல்லை. உனக்கு அது சின்ன விசயம். எனக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே ருசி அதுதான். நண்டும் இறாலும் போட்டுக் கூழ் காய்ச்சுகிற வீடுகளில் எல்லோரும் கோப்பையை ஏந்திக்கொண்டு நண்டுக்காலை உறிஞ்ச, நான் மூலையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். உனக்குக் கலியாணம் பேசி மில்லிக்கனில் உன் மாமியார் வீட்டுக்குப் போனபோதும் அன்பாகக் கூழ்தான் காய்ச்சி வைத்திருந்தார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டு, "அம்மா விரதம்" என்றாய். தாய்க்கு இழுப்பு வருத்தம் என்றால் பெண் வீட்டார் பரம்பரை வருத்தம் என்று பின்வாங்குவார்கள் என்று உனக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்ததால் வாயை மூடினேன். சம்பந்தியம்மா, என்னைப் பெரிய பக்தை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறீர்களாம். நான் பக்தையும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் கூழின் வாசத்துக்கு அன்றைக்கு எனக்கு வாயூறியது.

பல்லியைத் திரும்பக் கொண்டுவந்து தந்துவிட்டு நீ போனபிறகு வந்த முதல் சனிக்கிழமை, வழக்கம்போல அரிதட்டை எடுத்தேன். பாதி அரிக்கும்போதே நெஞ்சு இறுகிவிட்டது. பம்ப் அடித்தேன், கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். உனக்கு நான்தான் சொல்லவேண்டாம் என்றேன். புது மாப்பிள்ளை, குழப்புவானேன் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து என்னைத் திரும்ப அதே டொக்டரிடம் அனுப்பினார்கள். இந்த முறை கூட்டிப்போக நீ இல்லை. அங்கே முன்மேசையில் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வேலை செய்கிறாள், அவளையே டொக்டர் உள்ளே கூப்பிட்டார்.

"அன்ரி, டொக்டர் கேக்கிறார், உங்கட வீட்டில இன்னும் பல்லி நிக்குதோ எண்டு."

"பல்லியைப் பற்றி இவருக்கு ஆர் சொன்னது?"

"உங்கட மகன் அண்டைக்குச் சொன்னவராம். பல்லியில பிழையில்லையாம் அன்ரி. அதுக்குப் போடுற புழுதான் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுதில்லையாம். இறாலும் உந்தப் புழுவும் உடம்புக்கு ஒண்டு மாதிரித்தானாம். புழுவையும் தவிட்டையும் உடன வீட்டை விட்டு எடுக்கச் சொல்லித் தான் அண்டைக்கே சொன்னதாம். இல்லாட்டி வரவரக் கூடுமாம், உயிருக்கும் ஆபத்தாம்."

இன்னொருக்கால் கேள் பிள்ளை என்றேன். அவள் கேட்டாள். டொக்டர் என்னையே பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெல்ல மெல்லச் சொன்னார். அந்தப் பிள்ளை ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. "உங்கட மகனுக்கு வடிவா விளங்கினதாம் அன்ரி, எடுக்கிறன் எண்டு தலையாட்டினவராம்" என்றதையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவளுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. வருத்தத்தை விட அந்த வெட்கம்தான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து வாளியை இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக் குழாய்க்குள் போட்டேன். அரிதட்டையும் போட்டேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கூட்டாமல், ஈரத்துணியால் பிறிட்ஜின் தலை, குளியலறை, உன் அறை எல்லாம் துடைத்தேன். தூசி எழும்பக்கூடாது, ஈரத்தால்தான் எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். திரைச்சீலையைக் கழற்றிக் கொதிதண்ணீரில் தோய்த்தேன். அந்தக் கிழமை முடிவதற்குள் நான் தலையணையை அடுக்கி வைக்காமல் மல்லாந்து படுத்தேன். ஒரு நல்ல மூச்சு வந்தது. அந்த மூச்சு எனக்குச் சந்தோசத்தைத் தரவில்லை மகனே. இவ்வளவு சுகமாகக் கிடைக்கிற ஒன்றையா இவன் என்னிடம் இருந்து மறைத்தான் என்று அழுதேன்.

நீ சின்னப் பெடியன், தெரியாமல் செய்தாய் என்று ஆராவது உனக்காகக் கதைக்க வருவார்கள். பதினெட்டு வயதில் தெரியாவிட்டால் இருபதில் தெரிந்திருக்கும். இருபத்திமூன்றில் தெரிந்திருக்கும். நான் மூச்சுக்குக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீ பக்கத்தில் நின்று கவலையோடு முதுகைத் தடவினாய். தடவிய கையால்தான் பிறகு போய்ப் பல்லிக்குப் புழு போட்டாய். அதற்குக் கல்சியம் குறைந்துவிடும் என்று புழுவில் வெள்ளைத்தூள் தடவிப் போட்ட பிள்ளை நீ. உனக்கு இரக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரக்கம் நிறைய இருக்கிறது, எனக்கு வந்து சேரவில்லை. ஒரு பெரிய கெட்டவனைப் பெற்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஒரு பல்லிக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தவனைப் பெற்றேன் என்று ஆரிடம் போய்ச் சொல்வது?

தாய் என்றால் கலியாணமான பிள்ளைக்கு நாலு புத்தி சொல்லவேண்டும். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், உனக்கும் வயது போகும், அது உன்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும். டொக்டர் சொல்வது உனக்கு நேரேயே விளங்கும். அதனால் உன் பிள்ளைக்கு உன்னிடம் பொய் சொல்ல வேண்டிய சோலி இராது. உனக்குச் செய்ய மனமில்லாததை முகத்துக்கு நேரே செய்யமாட்டேன் என்று சொல்லும். அந்த நேரம் நீ கோபிக்காதே. அதுவும் ஒரு மரியாதைதான் என்று எடுத்துக்கொள்.

இனி உன் பல்லி. அது உயிரோடு இருக்கிறது. தண்ணீர் வைக்கிறேன், வெளிச்சம் போடுகிறேன். சாப்பாடு போடவில்லை. புழுவை வீசிய நாளில் இருந்து அதன் வாய்க்கு ஒன்றும் போகவில்லை. இந்தப் பல்லி வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும், கிழமைக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்று நீதானே எனக்குப் பாடம் எடுத்தாய். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். வால் இப்போது என் சுண்டுவிரல் மொத்தத்துக்கு மெலிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுக்கிறாய், "அம்மா, பல்லிக்குப் போட்டனீங்களோ" என்று கேட்கிறாய், நான் "ஓம்" என்கிறேன். அதற்குப் பிறகுதான் "உங்களுக்கு எப்பிடி" என்கிறாய். அதற்கும் ஓம், சுகம் என்கிறேன். இங்கே என்ன நடக்கிறது என்று முழுக்கச் சொல்லப்போனால் நீளும். நானும் சுருக்கித்தான் சொல்கிறேன்.

அது ஒரு பாவமும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நான் உன் அறைக்குள் போனால் என் காலடியைக் கேட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நிமிர்ந்து பார்க்கிறது. நீ வந்தால் அப்படி வருமோ தெரியாது. புழுவை வீசும்வரை கொஞ்சக் காலம் சாப்பாடு போட்டதும் நான்தான். பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அறியவேண்டும்போல இருந்தது. பெரிய கஸ்டம் இல்லை மகனே. இரண்டு மூன்று நாளில் பழகிவிடுகிறது. நீ எட்டு வருடம் எப்படிச் சமாளித்தாய் என்று நான் யோசித்தது வீண்.

வேறு ஆருக்கும் அதைக் கொடுக்கமாட்டேன். கடையில் கொண்டுபோய் விடவும் மாட்டேன். அது உன்னுடையது, நீதான் வந்து தூக்கவேண்டும். தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குள் போய், புழு வாளியை உன் பிறிட்ஜின் தலையில் வைத்து, உன் பெண்சாதிக்கு என்ன சொல்கிறாய் என்று பார்ப்போம். நீ வராவிட்டால் அது சாகும். நான் அதை மாற்ற மாட்டேன்.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேருகிற வழியையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன். உன்னால் வாசிக்க முடியாது. உன் பெண்சாதி நாலு வயதில் வந்தவள், அவளுக்கும் எழுத்துத் தெரியாது. உன் மாமியார்தான் கடையில் பத்திரிகையை எடுத்து, காரிலேயே முழுவதையும் வாசித்துவிட்டு, பிக்கரிங்குக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உனக்குச் சொல்லவேண்டும். அவர் நல்ல மனுசி. ஆனால் அவர் என் மருமகளின் தாய். பல்லி பட்டினி கிடக்கிறது என்ற இடத்தைச் சொன்னால் நீ அந்த நிமிடமே காரை எடுப்பாய், இருட்டுவதற்குள் புழு வாளி தன் மகளின் குசினிக்குள் திரும்பி வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்துவார். மகளை ஒருதரம் பார்ப்பார். "என்ன மாமி, இவ்வளவு நீளமாக் கிடக்கு, அம்மா என்ன எழுதியிருக்கிறா" என்று நீ கேட்பாய். "ஒண்டுமில்லைத் தம்பி, அம்மாவுக்கு உங்களில கொஞ்சம் கோவம், அவ்வளவுதான்" என்பார். நீ அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு இருப்பாய். நம்புவாய். நானும் நம்பினேன்.